நிரல் எழுத நீங்களே கற்றுக்கொள்ளலாம்: ஒரே ஒரு கரண்ட் பில் கணக்கை வைத்து முழு வழிகாட்டி

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு நிரலைத்தான் எழுதப் போகிறோம்: தமிழ்நாட்டு வீட்டுக் கரண்ட் பில்லைக் கணக்குப் போடும் நிரல். முதலில் மூன்றே வரி. அப்புறம் அதையே உடைத்து, திருத்தி, வளர்த்துத் திரும்பத் திரும்ப எழுதுவோம். மாறி (மதிப்பைப் போட்டுவைக்கும் பெயர்), நிபந்தனை, மடக்கு (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது), பட்டியல், செயற்கூறு (பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய நிரல் துண்டு), கோப்பு என்று பாடப்புத்தகங்கள் தனித்தனி அத்தியாயமாகப் பிரித்து வைத்திருக்கும் அத்தனையும் இந்த ஒரு கணக்குக்குள் வந்துவிடும். ஒவ்வொன்றும் எதற்காகத் தேவைப்பட்டது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

முன்னறிவு என்று பெரிதாக எதுவும் வேண்டாம். கூட்டல், பெருக்கல் தெரிந்து, விசைப்பலகையில் ஆங்கில எழுத்தைத் தேடி அடிக்க முடிந்தால் போதும். நாளுக்கு ஒரு மணி நேரம், வாரம் ஐந்து நாள் என்று உட்கார்ந்தால் மூன்றரை மாதத்தில் சொந்தமாகச் சின்ன நிரல்கள் எழுதலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரேயடியாக ஏழு மணி நேரம் உட்காரும் முறை இதற்கு ஒத்துவராது. ஆறு நாள் இடைவெளியில் அடைப்புக்குறியை எங்கே மூடினோம் என்பதே மறந்துபோகும்.

எந்த மொழி?

பைத்தான். இந்தக் கேள்விக்கு இதற்கு மேல் ஒரு சாயங்காலத்தைக்கூடச் செலவழிக்காதீர்கள். நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ராசம் 1991-இல் வெளியிட்ட மொழி இது. தொடக்கநிலைக்காரருக்கு இதில் உள்ள பெரிய வசதி, ஒரு வரி எழுதினால் அந்த ஒரு வரி ஓடும் என்பதுதான். சி, ஜாவாவில் முதல் வரியை ஓட்டவே அர்த்தம் புரியாத நாலைந்து வரி சடங்கு உண்டு. இன்னொரு வசதி: தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகம் பைத்தானைத்தான் சொல்லித்தருகிறது. தமிழ் வழிப் பதிப்பை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஏதாவது ஒரு சொல் புரியவில்லை என்றால் புரட்டிப் பார்க்க அது பக்கத்தில் இருக்கட்டும்.

விதிவிலக்கு இரண்டு. உங்களுக்கு வேண்டியது வலைப்பக்கம் மட்டுமே என்றால் ஜாவாஸ்கிரிப்ட். கல்லூரியில் இந்தப் பருவத்திலேயே சி தேர்வு இருக்கிறது என்றால் சி. தமிழிலேயே கட்டளைச் சொற்கள் உள்ள 'எழில்' என்ற மொழியும் உண்டு. 'பதிப்பி' என்றால் திரையில் காட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நிரல் என்றால் என்ன என்று காட்ட அருமையான கருவி. ஆனால் சிக்கல் வரும்போது தேடிப் பார்க்க பைத்தானுக்கு இருக்கும் அளவு உதவி அதற்கு இல்லை.

ஒரு எச்சரிக்கை. யூடியூபில் பழைய பைத்தான் 2 பாடங்கள் இன்னும் கிடக்கின்றன. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்துவிட்டது. 'பிரிண்ட்' என்ற சொல்லுக்குப் பின்னால் அடைப்புக்குறி போடாமல் எழுதிக் காட்டினால் அது பழைய பாடம், மூடிவிடுங்கள்.

கணினியும் மென்பொருளும்

4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் போதும். அதில் 'தானி' என்ற மென்பொருளை நிறுவுங்கள். எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் தொடக்கநிலை மாணவர்களுக்காகவே உருவாக்கியது, இலவசம். பைத்தானும் அதற்குள்ளேயே வந்துவிடும் என்பதால், நிறுவும் போதே வரும் பாதி தலைவலி இல்லை.

அந்தத் தலைவலி என்ன என்று தெரிந்துகொள்வதும் நல்லது. விண்டோஸில் பைத்தானைத் தனியாக நிறுவினால், முதல் திரையின் அடியில் 'பாத்'தில் (கணினி நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கவா என்று ஒரு சின்ன டிக் பெட்டி இருக்கும். அதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டால், கமாண்ட் பிராம்ப்டில் (கட்டளை அடிக்கும் கருப்புத் திரை) பைத்தான் என்று அடிக்கும்போது கணினிக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்கூடத் திறந்துகொள்ளலாம். 'நிறுவினேனே, எங்கே போச்சு?' என்று மறுபடி மறுபடி நிறுவுவார்கள். நிறுவும் கோப்பை மறுபடி திறந்து, 'மாடிஃபை' வழியாகப் போய், 'என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்'-இல் சேர்க்கும் பெட்டியில் டிக் போட்டால் சரியாகிவிடும்.

போன் மட்டும்தான் இருக்கிறதா? ஆண்ட்ராய்டில் 'பைட்ராய்டு 3' செயலி இணையம் இல்லாமலும் ஓடும். அடைப்புக்குறியும் இடைவெளியும் தொடுதிரையில் அடிப்பதுதான் கஷ்டம். ஓடிஜி கேபிள் ஒன்று வாங்கி, சாதாரண யூஎஸ்பி விசைப்பலகையைச் செருகிக்கொண்டால் அந்தக் கஷ்டம் பாதியாகும்.

தானியைத் திறந்ததும் 'வியூ' மெனுவில் 'வேரியபிள்ஸ்' என்பதை இயக்கி வையுங்கள். நிரல் ஓடும்போது எந்தப் பெயருக்குள் எந்த மதிப்பு இருக்கிறது என்று பக்கத்திலேயே காட்டிக்கொண்டிருக்கும். இதை மூடி வைத்துக்கொண்டு கற்பது இருட்டில் கோலம் போடுவது மாதிரி.

முதல் மூன்று வரி

கீழே வரும் நிரல் வரிகளைப் படிக்கும் முன் ஒரு விஷயம். பைத்தானின் கட்டளைச் சொற்களை (இஃப், எல்ஸ், ஃபார், டெஃப், பிரிண்ட் போன்றவை) இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் அடிக்க வேண்டும். 'அலகு', 'கட்டணம்' போல நாம் வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே அடிக்கலாம்; பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொரு சொல்லுக்கும் விசைப்பலகையை மாற்றுவது எரிச்சலாக இருந்தால் பெயர்களையும் ஆங்கிலத்தில் வையுங்கள். வேலைக்குப் போகும் இடத்தில் எப்படியும் ஆங்கிலம்தான்.

கணக்குக்கு 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு கட்டணம் மாறியிருக்கிறது, ஆனால் பயிற்சிக்கு இந்த எண்கள் வசதி. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய். 201 முதல் 400 வரை 4.50. 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் கதை வேறு, அதற்குப் பிறகு வருவோம்.

அலகு = 160
கட்டணம் = (அலகு - 100) * 2.25
பிரிண்ட்(கட்டணம்)

சேமியுங்கள். கோப்புப் பெயர் விஷயத்தில் இரண்டு வம்பு உண்டு. ஒன்று, நோட்பேடில் எழுதினால் விண்டோஸ் சத்தமில்லாமல் பெயரின் வாலில் 'டாட் டிஎக்ஸ்டி' ஒட்டிவிடும். கோப்பு வால்களைக் காட்டும்படி ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மாற்றினால்தான் அது கண்ணில் படும். இரண்டு, கோப்புக்கு 'ராண்டம்', 'டர்ட்டில்' என்று பைத்தானிலேயே உள்ள தொகுதிகளின் (தயாராக எழுதிவைத்த நிரல்கள்) பெயரை வைக்காதீர்கள். நீங்கள் பிறகு அந்தத் தொகுதியைக் கூப்பிடும்போது பைத்தான் உங்கள் கோப்பையே எடுத்துக்கொண்டு, சம்பந்தமில்லாத எரர் காட்டும். காரணம் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போகும்.

எஃப்5 அழுத்தினால் 135.0 வரும். 60 யூனிட், 2.25 ரூபாய், சரிதான். வாலில் ஏன் புள்ளி பூஜ்யம்? 2.25 தசம எண். தசம எண்ணோடு பெருக்கினால் விடையும் தசமமாகவே வரும். சமக்குறியையும் கவனியுங்கள். கணக்கு வகுப்பில் அது 'இரண்டு பக்கமும் சமம்'. இங்கே அது 'வலப்பக்கத்தைக் கணக்குப் போட்டு, இடப்பக்கப் பெயருக்குள் போடு' என்ற கட்டளை. அதனால்தான் அலகு = அலகு + 1 என்பது இங்கே அபத்தம் இல்லை. சமமா என்று கேட்க இரண்டு சமக்குறி போட வேண்டும்.

இப்போது 160-ஐ 80 ஆக்கி ஓட்டுங்கள். விடை -45.0. மின்வாரியம் உங்களுக்கு 45 ரூபாய் தர வேண்டுமாம்! கணினி தவறு செய்யவில்லை, நீங்கள் சொன்னதை அப்படியே செய்திருக்கிறது. எரர் எதுவும் வராமல் தவறான விடை தரும் இந்த வகைப் பிழைதான் ஆபத்தானது. அடுத்த படி முழுக்க இதைச் சரிசெய்வதற்குத்தான்.

நிபந்தனை: எல்லையில்தான் எல்லாத் தவறும்

இஃப் அலகு <= 100:
    கட்டணம் = 0
எலிஃப் அலகு <= 200:
    கட்டணம் = (அலகு - 100) * 2.25
எலிஃப் அலகு <= 400:
    கட்டணம் = 225 + (அலகு - 200) * 4.5
எலிஃப் அலகு <= 500:
    கட்டணம் = 1125 + (அலகு - 400) * 6

எண்ணுக்கு முன்னால் உள்ள குறி 'அதைவிடக் குறைவா, அல்லது அதற்குச் சமமா' என்று கேட்கிறது. வரி முடிவில் உள்ள முக்காற்புள்ளியை மறந்தால் ஓடாது. உள்ளே தள்ளி எழுதும் வரிகளுக்கு நான்கு இடைவெளி விடுங்கள். இந்தத் தள்ளல் அழகுக்காக இல்லை. எந்த வரி எந்த நிபந்தனைக்குக் கீழ் வருகிறது என்று பைத்தான் அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. ஓரிடத்தில் டாப் விசையும் இன்னோரிடத்தில் இடைவெளியும் கலந்தால், கண்ணுக்கு நேராகத் தெரியும் வரியும் எரர் காட்டும்.

'எலிஃப்' என்பதற்குப் பதில் எல்லா இடத்திலும் 'இஃப்' என்றே எழுதி, 80 யூனிட்டுக்கு ஓட்டிப் பாருங்கள். விடை -795. ஏன்? 80 என்பது 100-க்கும் கீழ், 200-க்கும் கீழ், 400-க்கும் 500-க்கும் கீழ். நான்கு நிபந்தனையும் உண்மை. நான்கும் ஓடி, கடைசியில் வந்த 1125 + (80 - 400) * 6 என்ற கணக்கு முன்னதை எல்லாம் அழித்துவிட்டது. 'எலிஃப்' (எல்ஸ், இஃப் இரண்டும் சேர்ந்த சுருக்கம்) என்றால் 'மேலே எதுவும் பொருந்தாவிட்டால் மட்டும் பார்' என்று பொருள். இந்த -795-ஐ ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், விளக்கம் படித்ததைவிட நன்றாக மனதில் நிற்கும்.

இனி 500-க்கு மேல். பெரும்பாலோர் இதே பாணியில் தொடர்ந்து, 1725 + (அலகு - 500) * 8 என்று எழுதுவார்கள். 510 யூனிட்டுக்கு 1805 வரும். சரியான பில் 2030. வித்தியாசம் 225 எங்கிருந்து வந்தது?

கட்டண விதியிலேயே இருக்கிறது. 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு 2.25 ரூபாய்ப் படி கிடையாது. 101 முதல் 400 வரை எல்லாமே 4.50. ஆக அந்த 100 யூனிட்டுக்கு யூனிட்டுக்கு 2.25 கூடுதல், மொத்தம் 225. அதற்கு மேல் 401–500-க்கு 6, 501–600-க்கு 8, 601–800-க்கு 9, 801–1000-க்கு 10, அதற்கும் மேல் 11 ரூபாய். 500 யூனிட் ஓடினால் 1725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 1958. ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! நிரலில் தவறில்லை, விதி அப்படி. நிரல் எழுதுபவர் விதியை முழுதாகப் படிக்காவிட்டால் நிரல் பொய் சொல்லும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அதனால் நிரலைத் தொடும் முன், காகிதத்தில் கையால் கணக்குப் போட்டு ஒரு சோதனைப் பட்டியல் எழுதி வையுங்கள்:

0 → 0
100 → 0
101 → 2.25
200 → 225
201 → 229.50
400 → 1125
401 → 1131
500 → 1725
501 → 1958
1001 → 6561

எல்லா எண்ணும் எல்லையிலும் எல்லைக்கு ஒன்று தள்ளியும் இருப்பதைப் பாருங்கள். 150-ஐயும் 320-ஐயும் போட்டுச் சோதித்தால் ஒரு தவறும் அகப்படாது. <= போட வேண்டிய இடத்தில் < போட்டது 200, 400, 500 போன்ற எண்களில்தான் வெளியே வரும். அதிலும் ஒரு வேடிக்கை: 200-லும் 400-லும் அடுத்த படியின் கணக்கும் அதே விடையைத் தந்துவிடுவதால் தவறு மறைந்துகொள்ளும், 500-இல் மட்டும் 1725-க்குப் பதில் 1950 வந்து காட்டிக்கொடுக்கும். நிரலை மாற்றும் ஒவ்வொரு தடவையும் இந்தப் பத்து எண்ணையும் போட்டுப் பாருங்கள்.

இன்புட்: எண் போலத் தெரியும் எழுத்து

ஒவ்வொரு முறையும் நிரலைத் திறந்து எண்ணை மாற்றாமல், ஓடும்போது கேட்டு வாங்கலாம்:

அலகு = இன்புட்("எத்தனை யூனிட்? ")

160 என்று அடித்ததும் 'டைப் எரர்' வரும். இன்புட் தருவது எப்போதும் எழுத்துச் சரம்; 160 என்ற எண்ணாக வராது, ஒன்று-ஆறு-பூஜ்யம் என்ற மூன்று எழுத்தாக வரும். எழுத்தோடு எண்ணை ஒப்பிடவோ, எழுத்திலிருந்து எண்ணைக் கழிக்கவோ முடியாது. இங்கே எரராவது வந்தது. கூட்டலில் அதுவும் வராது: இரண்டு முறை 5 வாங்கிக் கூட்டினால் 55 என்று ஒட்டிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். தீர்வு, இன்ட்(இன்புட்(...)) என்று சுற்றுவது. முடிவில் இரண்டு அடைப்புக்குறி மூட வேண்டும். ஒன்றை விட்டால் எரர், அதுவும் சில சமயம் அடுத்த வரியில் காட்டும்.

ஒரு சின்ன ஆச்சரியம். இந்த இன்ட் தமிழ் எண்களையும் படிக்கும். ௧௬௦ என்று அடித்துப் பாருங்கள், 160 என்று எடுத்துக்கொள்ளும்.

எரரைப் படிக்கும் முறை

சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் பலருக்குக் கை உதறும். படிக்க ஒரு முறை இருக்கிறது: கீழிருந்து மேலே. கடைசி வரியில் எரரின் வகையும் காரணமும் இருக்கும். அதற்கு மேலே வரி எண். இந்த இரண்டும் முதலில் போதும்.

'நேம் எரர்' என்றால் அந்தப் பெயர் பைத்தானுக்குத் தெரியாது. அநேகமாக எழுத்துப் பிழை. தமிழ்ப் பெயர் வைத்தவர்கள் ஓரிடத்தில் அலகு, இன்னோரிடத்தில் அளகு என்று எழுதியிருப்பார்கள். ல, ள, ழ வித்தியாசம் பார்ப்பதில் பைத்தான் தமிழ் வாத்தியாரைவிடக் கறார். ஆங்கிலத்தில் எழுதினால் பெரிய எழுத்து, சிறிய எழுத்தும் வேறு வேறு. 'சின்டாக்ஸ் எரர்' என்றால் இலக்கணப் பிழை: அது காட்டும் வரியில் தவறு தெரியாவிட்டால் மேல் வரியில் மூடாத அடைப்புக்குறியைத் தேடுங்கள். 'வேல்யூ எரர்' என்றால் வகை சரி, மதிப்பு சரியில்லை. '160 யூனிட்' என்று அடித்ததை எண்ணாக மாற்றச் சொன்னது மாதிரி.

வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ இருந்து நகலெடுத்து ஒட்டிய வரி ஓடவில்லை என்றால் மேற்கோள் குறியைப் பாருங்கள். அங்கே வளைந்த மேற்கோளாக மாற்றியிருப்பார்கள். பைத்தானுக்கு நேரான குறிதான் வேண்டும். அதனால் நிரலை ஒட்டாமல் கையால் அடிக்கும் பழக்கம் முதல் இரண்டு மாதத்துக்காவது இருக்கட்டும்.

எரரே வராமல் விடை மட்டும் தப்பாக வந்தால் கண்ட்ரோலோடு எஃப்5 அழுத்துங்கள். தானி நிரலை நிறுத்தி நிறுத்தி ஓட்டும். எஃப்6 அழுத்தினால் ஒரு வரி நகரும். எஃப்7 அழுத்தினால் அந்த வரிக்குள்ளேயே நுழைந்து காட்டும். பக்கத்தில் மதிப்புகள் மாறுவதைப் பார்த்துக்கொண்டே போனால், எந்த வரியில் கணக்கு தடம் மாறியது என்று பிடிபடும்.

மடக்கும் பட்டியலும்

இதுவரை எழுதியதில் ஒரு அசௌகரியம். 225, 1125, 1725 என்று கையால் கணக்குப் போட்ட எண்கள் நிரலுக்குள் கிடக்கின்றன. நாளைக்குக் கட்டணம் மாறினால் அத்தனையையும் மறுபடி கணக்கிட வேண்டும். விலைப் பட்டியலைத் தனியாகவும் கணக்கைத் தனியாகவும் பிரித்துவிடலாம்.

படிகள் = [(100, 0), (100, 2.25), (200, 4.5), (100, 6)]
மீதி = அலகு
மொத்தம் = 0
ஃபார் அளவு, விலை இன் படிகள்:
    எடு = மின்(மீதி, அளவு)
    மொத்தம் = மொத்தம் + எடு * விலை
    மீதி = மீதி - எடு
பிரிண்ட்(மொத்தம்)

இதில் வரும் 'மின்' மின்சாரத்து மின் இல்லை. கொடுத்த இரண்டில் சிறியதை எடுத்துத் தரும் பைத்தான் செயற்கூறு.

250 யூனிட்டை வைத்து விரலால் தொட்டுத் தொட்டு ஓட்டிப் பாருங்கள். முதல் சுற்றில் 100 எடுக்கிறோம், விலை 0, மொத்தம் 0, மீதி 150. இரண்டாம் சுற்றில் 100, மொத்தம் 225, மீதி 50. மூன்றாம் படியில் 200 வரை இடமிருக்கிறது, நம்மிடம் 50தான். 50-ஐ எடுத்து 4.5-ஆல் பெருக்கினால் 225, மொத்தம் 450, மீதி 0. நான்காம் சுற்றில் எடுக்க எதுவும் இல்லை. 450 ரூபாய். நான்கு ஜாடிகளில் வரிசையாகத் தண்ணீர் ஊற்றுவது போல. ஒன்று நிரம்பினால்தான் அடுத்ததற்குப் போகும்.

இங்கே நடக்கும் வழக்கமான தவறு, மொத்தம் = 0 என்ற வரியை மடக்குக்குள்ளே தள்ளிவிடுவது. ஒவ்வொரு சுற்றிலும் கல்லாப்பெட்டி காலியாகும். 250 யூனிட்டுக்கு விடை 0 என்று வரும். இன்னொன்று, கடைசி பிரிண்டை உள்ளே தள்ளுவது. நான்கு விடை வரிசையாக அச்சாகும். இரண்டையும் வேண்டுமென்றே செய்து பாருங்கள்.

500-க்கு மேற்பட்ட வீட்டுக்கு இரண்டாவது பட்டியல் ஒன்று வைத்து, எந்தப் பட்டியல் என்பதை ஒரு இஃப்-ஆல் தேர்ந்தெடுக்கலாம். அதை நீங்களே எழுதுங்கள். துப்பு: கடைசிப் படிக்கு மேல்வரம்பு இல்லை, எனவே அளவு என்ற இடத்தில் 1000000 போல ஒரு பெரிய எண் போடலாம். எழுதி முடித்ததும் அந்தப் பத்து எண் சோதனை.

செயற்கூறு

கணக்கு முழுவதையும் ஒரு பெயருக்குள் அடைத்துவைத்தால் வேண்டிய இடத்தில் கூப்பிடலாம். 'டெஃப் பில்(அலகு):' என்று தொடங்கி, உள்ளே மேலே உள்ள வரிகளைத் தள்ளி எழுதி, கடைசியில் 'ரிட்டர்ன் மொத்தம்' என்று முடியுங்கள். பிறகு பில்(250) என்றால் 450.0 கிடைக்கும்.

ரிட்டர்னுக்குப் பதில் பிரிண்ட் போடுவதுதான் இங்கே எல்லோரும் விழும் குழி. திரையில் விடை தெரிகிறது, ஆனால் பில்(250) + பில்(300) என்றால் எரர். பிரிண்ட், விடையைச் சுவரில் எழுதிக் காட்டுகிறது. ரிட்டர்ன், கையில் கொடுக்கிறது. கையில் இருந்தால்தான் கூட்ட முடியும்.

பணக் கணக்கில் ஒரு நுணுக்கம். பைத்தானில் 0.1 + 0.2 என்று அடித்தால் 0.30000000000000004 வரும். கணினி எண்களை இரண்டின் அடுக்குகளாக வைத்துக்கொள்வதால் அரையும் காலும் துல்லியமாக உட்காரும், 0.1 உட்காராது. நம் விலைகள் 2.25, 4.5 என்பதால் தப்பித்தோம். வேறு விலை வரும்போது பைசாவாக மாற்றி முழு எண்ணில் கணக்குப் போட்டு, காட்டும்போது மட்டும் ரூபாயாக்குங்கள்.

கோப்பும் தமிழ் எழுத்தும்

வீட்டில் வாடகைக்கு விட்ட நான்கு போர்ஷன்களின் பெயரும் யூனிட்டும் ஒரு கோப்பில் இருக்கிறது, நான்கு பில்லும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கோப்பைத் திறந்து, வரி வரியாகப் படித்து, காற்புள்ளியில் பிரித்து, பில் செயற்கூறுக்குக் கொடுக்க வேண்டும். ஆங்கிலப் பெயர் என்றால் சட்டென்று முடியும். தமிழ்ப் பெயர் இருந்தால் விண்டோஸில் குப்பை எழுத்தோ 'யூனிகோட் டீகோட் எரர்' என்ற செய்தியோ வரக்கூடும். கோப்பைத் திறக்கும் ஓப்பன் கட்டளையில் என்கோடிங் (எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறை) யூடிஎஃப்-8 என்று நீங்களே குறிப்பிட்டுவிட்டால் தொல்லை தீரும். எக்செலில் திறப்பதற்காக எழுதும் கோப்பு என்றால் 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுங்கள். இல்லாவிட்டால் எக்செல் தமிழைக் குப்பை எழுத்தாகக் காட்டக்கூடும்.

தமிழில் நிரல் செய்பவர்கள் சீக்கிரமே முட்டிக்கொள்ளும் இன்னொன்று. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை லென் கட்டளையால் கேளுங்கள். நமக்கு மூன்று எழுத்து. பைத்தான் 5 என்கிறது. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தாக அது சேமிக்கப்பட்டிருக்கிறது. எனவே சொல்லைத் திருப்பிப்போடுவது, முதல் மூன்று எழுத்தை வெட்டுவது போன்ற பயிற்சிகளை ஆங்கிலப் பாடத்தில் உள்ளபடி தமிழுக்குச் செய்தால் கொம்பும் புள்ளியும் அந்தரத்தில் தொங்கும். 'ஓப்பன்-தமிழ்' என்ற இலவசத் தொகுதியில் சொல்லை நம் எழுத்துகளாகப் பிரிக்கும் செயற்கூறு இருக்கிறது. தமிழ் உரையை வைத்து எது செய்தாலும் அதைப் பயன்படுத்துங்கள்.

எத்தனை நாள், எதை விடலாம்

நிறுவி, முதல் மூன்று வரியும் இன்புட்டும் ஓட இரண்டு வாரம். நிபந்தனைக்கு இரண்டு. மடக்குக்கும் பட்டியலுக்கும் மூன்று. அங்கேதான் பலரும் திணறுவார்கள், திணறட்டும். செயற்கூறு, கோப்பு மூன்று வாரம். மீதி நான்கு வாரம் சொந்தத் திட்டத்துக்கு. முதல் மூன்றரை மாதத்தில் வலைத்தளக் கட்டமைப்புகள், செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை உருவாக்குவது, பொருள்நோக்கு நிரலாக்கம் எதையும் தொட வேண்டாம். வீடியோ பார்த்தால், பார்த்த நேரத்தின் இரண்டு மடங்கு நேரம் அடிக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களில் தமிழ் ஒலிப்பதிவும் உண்டு, சின்னச் சின்னதாக இருக்கும். பார்த்துக்கொண்டே அடிக்க ஏற்றவை.

சாட்ஜிபிடி போன்ற கருவிகளிடம் 'கரண்ட் பில் நிரல் எழுதித் தா' என்றால் பத்து நொடியில் தந்துவிடும். அதைக் கேட்டால் இந்த மூன்றரை மாதமும் வீண். எரர் வரியை ஒட்டி 'இதன் அர்த்தம் என்ன, நிரலைத் திருத்தித் தராதே' என்று கேளுங்கள், அதுவும் இருபது நிமிடம் நீங்களே முயன்ற பிறகு. இன்னொரு நல்ல பயன்: முடித்த நிரலைக் கொடுத்து, எந்த இன்புட்டில் இது உடையும் என்று கேட்பது.

சொந்தத் திட்டம்

வீட்டில் யாராவது ஏற்கெனவே நோட்டில் போட்டுக்கொண்டிருக்கும் கணக்கை எடுங்கள். பால் கணக்கு, மளிகைக் கடைப் பற்று, ஏலச்சீட்டு. சீட்டு என்றால் உதாரணத்துக்கு 20 பேர், ஆளுக்கு 5000, மொத்தம் ஒரு லட்சம். இந்த மாதம் 18000 தள்ளி ஒருவர் எடுக்கிறார், அவருக்கு 82000. தள்ளியதில், மொத்தச் சீட்டுத் தொகையின் 5 சதவீதக் கமிஷனான 5000 போக மீதி 13000. இருபதால் வகுத்தால் ஆளுக்கு 650 கழிவு, கட்ட வேண்டியது 4350. இருபது மாதத்துக்கு இதை ஓட்டி, யாருக்கு எவ்வளவு லாபம் என்று காட்டும் நிரலில் இதுவரை கற்ற எல்லாமே வேலைக்கு வரும். கரண்ட் பில்லுக்குச் செய்தது போல முதலில் காகிதத்தில் விடை, பிறகு நிரல்.

அந்த நான்கு வாரத்தில் முடிகிற அளவுக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் ஓடும் நிலையில் உள்ள நிரலைத் தேதி போட்டுத் தனிக் கோப்பாக நகலெடுத்து வையுங்கள். இந்த நகல்களைச் சமாளிக்க முடியாமல் போகும் நாளில் 'கிட்' (நிரலின் பழைய பதிப்புகளைக் காத்துவைக்கும் கருவி) கற்கலாம், அதன் அருமையும் அப்போதுதான் தெரியும். தானியை விட்டு விஎஸ் கோடு என்ற பெரிய நிரல் எழுதும் மென்பொருளுக்கு மாறவும் அதுவே சரியான சமயம்.

ஓடுகிறது என்று தோன்றியதும் நிரலை வீட்டில் வேறொருவரிடம் கொடுத்து, நீங்கள் வாயைத் திறக்காமல் பின்னால் நில்லுங்கள். 'எத்தனை யூனிட்?' என்று திரை கேட்டதும் அவர் '250 யூனிட்' என்று அடிப்பார். வேல்யூ எரர். அடுத்து ஒன்றுமே அடிக்காமல் எண்டர் தட்டுவார். அதற்கடுத்து -20. ஒவ்வொன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எரர் வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் 'டிரை', 'எக்செப்ட்' என்ற இரண்டு சொல்லையும், சரியான எண் வரும்வரை திரும்பக் கேட்க உதவும் 'வைல்' மடக்கையும் கற்க வேண்டிய பாடத்திட்டம் அந்தத் தாளிலேயே இருக்கும்.